கும்மிடிப்பூண்டியில் நான் ஜெயித்ததாகச் சொன்ன கதை

அன்புள்ள கதிர்,

புதன்கிழமை நீ போன் பேசி வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நீ சிரித்துவிட்டாய். அதோடு என் வாய் அடைத்துப்போயிற்று. அதனால்தான் இவ்வளவு பெரிய கடிதம். அவசரமில்லாமல் படி. உன்னைப் போலத் தனியாகத் தொழில் பண்ணுகிற உன் நண்பர்களிடமும் காட்டு. மறைக்க வேண்டியதை ஆறு வருஷம் மறைத்தாயிற்று, இனிமேல் எனக்கு அந்தக் கவலை இல்லை.

நீ சொன்னது இதுதான். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு மெஷின் புரோகிராம் எழுதிக் கொடுத்தாய். உன் மூன்று பில்லிலும் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். பிடித்ததை உன் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டியிருக்க வேண்டும். வரித்துறை இணையதளத்தில் உன் கணக்கைத் திறந்து பார்த்தால் மூன்றில் ஒன்றுகூட இல்லை. உனக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. ஆனால் அடுத்து நீ சொன்னது: "எம்.டி.க்கே நேரா மெயில் போடப் போறேம்மா. அந்த அக்கவுண்ட்ஸ் ஆளைத் தூக்கினாதான் இவங்களுக்குப் புத்தி வரும். நீ கும்மிடிப்பூண்டியில பண்ணினியே, அந்த மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தாய், பெருமையாக. அந்தப் பெருமையை உனக்குக் கொடுத்தவள் நான்தான். அந்தக் கதையை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உன் சித்தி பெண் கல்யாணத்தில் பந்தி முடிந்து பத்துப் பேர் உட்கார்ந்திருந்தபோதுகூட, நான் மேஜையைத் தட்டிய இடத்தை நீதான் எடுத்துக் கொடுத்தாய். அந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஏன் தனியாகத் தொழிலுக்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். பதினாலு வருஷம் ஒரே கம்பெனியின் லேபில் இருந்தேன். அதை மூடியபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வேறு வேலை தேடிப் பார்த்து அலுத்து, பாய்லர் தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்லும் வேலையை நானே ஆரம்பித்தேன். மீஞ்சூரில் காலை ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் போனால், ஒரு நாளைக்கு நாலு கம்பெனி பார்க்கலாம். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதையும் எங்கள் தொழிலில் டிடிஎஸ் என்போம். பில்லில் பிடிக்கிற வரிக்கும் டிடிஎஸ் என்றே பெயர். முதல் டிடிஎஸ்ஸை நான் தசமப் புள்ளிவரை பார்ப்பேன். இரண்டாவதை ஒருநாளும் பார்த்ததில்லை. பிடித்தவர்கள் கட்டியிருப்பார்கள், வருஷக் கடைசியில் கணக்குப் போடுகிறவரிடம் காகிதங்களைக் கொடுத்தால் மிச்சம் திரும்பி வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கம்பெனிகள் கொடுக்கிற வரிச் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலில் சொருகிவிடுவேன். தொழிலில் நான் ரொம்பக் கவனமானவள் என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் ஒரு ரப்பர் கம்பெனி புதிதாகக் கிடைத்தது. சின்ன கம்பெனிதான், முதலாளி தினமும் வருவார். ஆபீஸில் கணக்குப் பார்க்க ஒரே ஒரு பெண், மேகலா. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பா ஏரியில் மீன் பிடிப்பவர். அந்தக் குப்பத்தில் பி.காம். முடித்த முதல் பெண் அவள்தான். அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், கூச்சம். நான் போனால் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். "நாஷ்டா துன்னீங்களா மேடம்? மூஞ்சி வாடிக்கீது" என்பாள். என் முதல் பில்லைக் கொடுத்த அன்றைக்கே, "பான் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வோணும் மேடம், ஃபைல்ல வெக்க" என்று கேட்டாள். அப்புறம் தருகிறேன் என்றேன். இரண்டாவது பில்லுக்கும் கேட்டாள். "அதான் பில்லிலேயே நம்பர் இருக்கே, அதைப் போட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன். மற்ற கம்பெனிகளிடம் நான் ஆரம்பத்திலேயே கொடுத்த நகல் இருந்தது. இவளிடம் என் பில் மட்டும்தான் இருந்தது.

அடுத்த வருஷம் எனக்கு வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. திரும்பி வர வேண்டிய பணம் வராது, மேற்கொண்டு நான்தான் கட்ட வேண்டும், வட்டியோடு. நீ அப்போது இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய், ஹாஸ்டலுக்குக் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். அலமாரியிலிருந்து ஃபைலை இழுத்துப் போட்டு, கடிதத்தில் குறித்திருந்த ரப்பர் கம்பெனியின் சான்றிதழை அன்றைக்குத்தான் பிரித்தேன். அதில் என் பெயரே இல்லை. யாரோ ஒரு ஆண், எந்த ஊரோ. என்னிடம் பிடித்த வரி முழுக்க அந்த மனிதர் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. பான் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது, அந்த எண்ணுக்கு ஒரு ஆளும் இருந்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். இனிமேல் வருவது உனக்கு மனப்பாடம். முதலாளி அறைக்குள் நேராக நுழைந்தேன், சான்றிதழை மேஜையில் போட்டு ஓங்கித் தட்டினேன், தண்ணீர் டம்ளர் உருண்டது. "என் உழைப்புக்குப் பிடிச்ச வரியை எவன் கணக்குலயோ கட்டியிருக்கீங்க. ஒரு பெண் தனியா தொழில் பண்றான்னா அவ்வளவு இளக்காரமா?" என்று கேட்டேன். அவர் மேகலாவைக் கூப்பிட்டார். இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் நடந்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததை நான் வீட்டில் சொன்னதே இல்லை. அவள் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். "சார், நான் பில்லைப் பார்த்துதான் சார் போட்டேன். பில்லு ஆடிட்டர் ஆபீஸ்ல கீது. ஒரு நாள் டைம் குடுங்க, எடுத்தாந்து காட்டறேன்" என்றாள். முதலாளி என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால்கூடப் போதும். "என் பான் நம்பர் எனக்குத் தெரியாதா? தப்பைப் பண்ணிட்டு என் பில் மேல போடறியா?" என்றேன். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிடச் சொன்னார் முதலாளி. அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் பக்கமாகத்தான் நடந்து போனாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். உனக்குப் போன் பண்ணியும் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து, திருத்தக் கணக்கு தாக்கல் பண்ண வேண்டும், பான் கார்டோடு வாருங்கள் என்று அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் கூப்பிட்டார். பொன்னேரியில் ஆபீஸ். கார்டை வாங்கிப் பார்த்தார், ஃபைலிலிருந்து என் பில் ஒன்றை உருவினார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மேடம், உங்க பில்லுலயே இப்படித்தான் இருக்கு" என்றார். பார்த்தேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பில்லின் தலைப்பை நானே மறுபடியும் டைப் அடித்தேன், கார்டைப் பார்க்காமல், ஞாபகத்திலிருந்து. முப்பத்தெட்டு எண்பத்து மூன்றாகியிருந்தது. மேகலா என் பில்லில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் போட்டிருக்கிறாள். "ஓ, டைப்பிங் மிஸ்டேக்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். அவருக்கு அது தினமும் பார்க்கிற விஷயம். இரண்டு மாதத்தில் வரி என் கணக்குக்கு வந்தது, வரித்துறை கேட்ட தொகையும் ரத்தானது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கதிர். ஒரு பைசா இல்லை.

அதற்குப் பிறகும் மாதாமாதம் அதே கம்பெனிக்குப் போனேன். முதலாளி அறை வாசலைத் தாண்டித்தான் பாய்லருக்குப் போக வேண்டும். இன்றைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று ஒத்திப் போட்டேன். மேகலா இடத்தில் வேறு ஒரு பையன் வந்துவிட்டான், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரொம்ப நாள், உன் ஃபீஸுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன், அந்தக் கம்பெனி போய்விட்டால் உன்னை எப்படிப் படிக்கவைப்பது என்றும் நினைத்துக்கொண்டேன். அந்தப் பாரத்தை உன் தலையில் வைக்க மாட்டேன், அது பொய். மற்ற கம்பெனிகள் இருந்தன, சமாளித்திருப்பேன். எனக்கு வெட்கம், அதுதான் உண்மை. இவள் கவனமானவள், இவள் அளந்தால் தப்பாது என்று சிப்காட்டில் நாலு பேர் சொல்லிக்கொண்டிருந்ததை இழக்க மனசு வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். பைபாஸ் ஓரத்தில் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். தேர்வாய் கண்டிகைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் யூனிஃபார்மில் வரிசையாக நின்றார்கள். அதிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள், மேகலா. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். அவளோ சிரித்தாள். "மேடம், நல்லாகீறீங்களா? உங்க டாக்ஸு சரியாயிடிச்சா?" என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். "அப்பாடா. அதே நெனப்புதான் மேடம் எனக்கு. நம்பரை மூணு தபா பாத்துதான் போடுவேன். அன்னிக்கி என் கண்ணு எங்க பூட்சோ" என்றாள். அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கம்பெனியில் கணக்கு வேலைக்குக் கேட்டார்களாம், இவள்தான் வேண்டாம் என்றாளாம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பேக்கிங் பண்ணுகிற வேலை, "இதுல தப்புனா ஒரு டப்பாதான் மேடம் போவும்" என்றாள். உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிக் கையாட்டினாள். பஸ் வராமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

இப்போது உன் விஷயம். அந்த மெயிலை அனுப்புவதற்கு முன்னால் உன் மூன்று பில்லையும் எடு, பான் கார்டையும் எடு. ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, விரலை வைத்துப் பார். ஞாபகத்தை நம்பாதே, உனக்கு மனப்பாடமான எண்ணாயிற்றே என்று நினைக்காதே. அது சரியாக இருந்தால் அந்தக் கணக்குப் பார்க்கிறவருக்கு முதலில் போன் பண்ணு, முதலாளிக்கு அல்ல. வரியைக் கட்டிவிட்டார்களா, கட்டியும் கணக்கு தாக்கல் பண்ணவில்லையா, தாக்கல் பண்ணியதில் எந்த எண் போயிருக்கிறது என்று கேள். சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கம்பெனி போட வேண்டிய கணக்கையே இன்னும் தாக்கல் பண்ணியிருக்க மாட்டார்கள், கொஞ்ச நாளில் தானே வந்துவிடும். எண் தப்பாகப் போயிருந்தால் அதைத் திருத்த உன்னால் முடியாது, அவர்கள்தான் திருத்தக் கணக்கு போட வேண்டும். அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கிவிட்டால் உன் கணக்கை யார் திருத்துவார்கள்? பேசியதை அப்புறம் மரியாதையாக எழுத்திலும் அனுப்பி வை. வரித்துறையிலிருந்து ஏதாவது வந்தால் கெடுவுக்குள் பதில் போடு, என்னைப் போல ஃபைலில் சொருகாதே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உன் வரிக் கணக்கைத் திறந்து பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள். தப்பு சீக்கிரமே தெரிந்தால் அது ஒரு போன் பேச்சோடு முடிந்துவிடும். ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தால் எல்லோரும் பயந்துபோய் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். அவர்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டாமலே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், அப்போது முதலாளிக்கு எழுது, தாராளமாகக் கோபப்படு. ஆனால் கணக்கைச் சரிபண்ணச் சொல்லிக் கேள். யார் வேலையையும் கேட்காதே.

இவ்வளவையும் உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று புதன்கிழமை முழுக்க யோசித்தேன். வெள்ளிக்கிழமை அந்த ரப்பர் கம்பெனிக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "அட, அது எப்பவோ நடந்த பேஜாரு மேடம், விடுங்க" என்று டீ வரவழைத்தார். அவருக்கு அவள் பெயரே ஞாபகமில்லை. நான் டீயைக் குடிக்கவில்லை.

சனிக்கிழமை பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காடு போய், விசாரித்து அந்தக் குப்பத்துக்கு நடந்தேன். மேகலாவுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. குழந்தை பிறந்ததும் கம்பெனி வேலையை விட்டுவிட்டாளாம். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள், "இன்னா மேடம் இம்மாந்தூரம்?" என்று கேட்டாள். நான் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பழைய பில்லையும் கார்டையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ நான் கரீட்டாத்தான் போட்டுக்கீறேன்" என்றாள்.

"ஆமாம்மா. தப்பு என்னுது."

"எப்ப மேடம் உங்களுக்குத் தெரியும்?"

சொன்னேன்.

"அப்போ பஸ் ஸ்டாப்புல பாத்தப்போ தெரியும்."

"தெரியும்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. குரலை உயர்த்தவே இல்லை. "இங்க மகளிர் குழுவுல கணக்கு எழுத வான்னு மூணு வருஷமா கூப்புடறாங்க மேடம். படிச்ச பொண்ணாச்சேன்னு. நான் மாட்டேன்னுட்டேன். அடுத்தவங்க துட்டு, என் கண்ணு மறுபடியும் தப்பிடிச்சின்னா இன்னா பண்றது? கடைக்குப் போனாக்கூட பில்லை அவருகிட்டதான் குட்த்துக் கூட்டச் சொல்வேன்" என்றாள். பிறகு வெளியே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். "இத்த வந்து பாரு" என்று பில்லையும் கார்டையும் காட்டி, எண்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் என்ன செய்ய வேண்டும், சொல், எதுவானாலும் செய்கிறேன் என்றேன். ஏதாவது வேலைக்குச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். "நடந்ததை எழுதிக் குடுங்க மேடம். கையெழுத்து போட்டு" என்றாள். ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள், பேனாவும் கொடுத்தாள். அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். எந்தக் கம்பெனி, எந்த பில், என்ன எண், அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை, பண்ணியது நான், மேஜையைத் தட்டியது நான், உண்மை தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான். கோணாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவள் வாங்கி முதல் வரியிலிருந்து படித்தாள். உதடு அசைய, நிதானமாக. பாதியில் நிறுத்தினாள். தாளை என் பக்கம் திருப்பி ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"பில்லு தேதியில இந்த வருஷத்தைப் போட்டுட்டீங்க மேடம். அடிச்சிட்டுத் திருத்துங்க. பக்கத்துல ஒரு சின்ன கையெழுத்தும் போடுங்க, இல்லாட்டி செல்லாது."

திருத்திக் கொடுத்தேன். அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

உன்
அம்மா